பெருந்தொற்றுக் காலத்தில் விடுதியைத் திறந்து வைப்பதா, மூடுவதா, மாற்றுவதா?

உலக சுகாதார அமைப்பு கோவிட்-19 நோயைப் பெருந்தொற்று என்று குறிப்பிட்ட 2020 மார்ச் 11-க்குப் பிறகு, சில வாரங்களுக்குள் உலகெங்கும் தங்கும் விடுதிகளின் முன்பதிவேடுகள் காலியாயின. 2019-ல் நாடு விட்டு நாடு சென்ற சுற்றுலாப் பயணிகள் ஏறத்தாழ 146 கோடிப் பேர். 2020-ல் அந்த எண்ணிக்கை ஏறத்தாழ 40 கோடியாகச் சுருங்கியது. அமெரிக்க விடுதிகளில் 2019-ல் சராசரியாக நூற்றுக்கு 66 அறைகள் நிரம்பின. 2020-ன் சராசரி 44-ஆக இறங்கியது. அந்த ஆண்டு ஏப்ரலில் நான்கில் ஒரு பங்கு அறைகள்கூட நிரம்பவில்லை. விடுதி உரிமையாளர்கள் பலரும் அப்போது ஒருவரையொருவர் கேட்டுக்கொண்டது, பழைய நிலை எப்போது திரும்பும் என்பதுதான். அதற்கு யாரிடமும் விடை இருக்கவில்லை. ஆனால் விடை காணக்கூடிய வேறொரு கேள்வி இருந்தது. வருவதை நிறுத்திக்கொண்டவர்கள் யார், இன்னும் வரக்கூடியவர்கள் யார், அப்படி வருகிறவர்களுக்கு வேண்டியதைத் தர இந்தக் கட்டடமும் இங்குள்ள பணியாளர்களும் ஏற்றவர்களா என்பதே அந்தக் கேள்வி.

அந்த நிலையில் ஒரு விடுதிக்கு முன் இருந்த வழிகள் பொதுவாக நான்கு. தற்காலிகமாக மூடிவிடலாம், அரசுக்கோ மருத்துவத் துறைக்கோ கட்டடத்தை மொத்தமாக ஒப்படைக்கலாம், வாரக்கணக்கிலும் மாதக்கணக்கிலும் தங்குவோருக்கான இடமாக மாற்றிக்கொள்ளலாம், அருகிலிருந்து சொந்த வாகனத்தில் வருகிறவர்களை நம்பிச் சுருங்கிய அளவில் திறந்து வைக்கலாம். இவற்றில் எதைத் தேர்வது என்பதை, 'நாங்கள் வணிகப் பயணிகளுக்கான விடுதி', 'நாங்கள் கடற்கரை விடுதி' என்று அதுவரை தமக்குத் தாமே சூட்டிக்கொண்ட அடையாளத்தைக் கொண்டு முடிவு செய்தவர்கள் பெரும்பாலும் தடுமாறினார்கள். எஞ்சியிருக்கும் விருந்தினரைக் கொண்டு முடிவு செய்வதே சரியானது என்பது என் உறுதியான கருத்து. கீழே உள்ள ஒப்பீடு முழுவதும் அந்த இடத்திலிருந்தே செய்யப்படுகிறது.

விருந்தினரிடம் என்ன மாறியது

முதலில் மறைந்தவர்கள் கூட்டமாக வருகிறவர்கள். மாநாடுகளும் திருமண விழாக்களும் குழுச் சுற்றுலாக்களும் ஒரே வாரத்தில் ரத்தாயின. அடுத்து நின்றது அலுவல் பயணம். காணொளிக் கூட்டங்களுக்குப் பழகிய நிறுவனங்கள் தடைகள் நீங்கிய பிறகும் பயணச் செலவை உடனே பழைய அளவுக்கு உயர்த்தவில்லை. இதனால் மாநகர மையத்தில் உள்ள பெரிய விடுதிகள் மிக ஆழமாக விழுந்தன. நெடுஞ்சாலையை ஒட்டியவையும் மலை, கடற்கரை, சிற்றூர்ப் பகுதிகளில் உள்ளவையும் தடை தளர்ந்த ஒவ்வொரு முறையும் விரைவாக எழுந்தன.

இரண்டாவது மாற்றம், முன்பதிவுக்கும் வருகைக்கும் இடையிலான காலம் சுருங்கியது. வாரங்களுக்கு முன்பே பதிவு செய்தவர்கள், நோய்ப் பரவலையும் அரசின் அறிவிப்பையும் பார்த்துவிட்டு ஓரிரு நாள்களுக்கு முன், சில வேளைகளில் அன்று காலையிலேயே, பதிவு செய்யத் தொடங்கினார்கள். ஊழியர் பணி அட்டவணையையும் சமையலறைக் கொள்முதலையும் ஒரு மாதத்துக்கு முன்பே வகுத்துப் பழகிய விடுதிக்கு இது சிறிய மாற்றமன்று. மூன்றாவது, வந்தவர்கள் நீண்ட நாள் தங்கினார்கள். பிறர் வீடுகளையும் அறைகளையும் இணையவழி வாடகைக்கு விட உதவும் ஏர்பிஎன்பி நிறுவனத்தின் கணக்குப்படி, 2021-ன் முதல் காலாண்டில் பதிவான இரவுகளில் 24 விழுக்காடு, 28 நாள் அல்லது அதற்கு மேற்பட்ட தங்கலுக்கானவை. 2019-ல் இது 14 விழுக்காடாக இருந்தது. வீட்டிலிருந்து வேலை செய்யலாம் என்றானபின், வேறொரு இடத்திலிருந்தும் வேலை செய்யலாம் என்பதைப் பலர் கண்டுகொண்டார்கள்.

இவற்றோடு, பதிவு செய்யும் முன் விருந்தினர் முதலில் பார்ப்பதும் மாறியது. நீச்சல் குளத்தின் படத்துக்கு முன்னதாக அவர்கள் ரத்து விதியைப் படித்தார்கள்.

இழப்பையும் இழப்பையும் ஒப்பிடும் கணக்கு

நான்கு வழிகளையும் எடைபோடும் முன் ஒரு கணக்கைத் தெளிவாக வைத்துக்கொள்வது அவசியம். பெருந்தொற்றுக் காலத்தில் விடுதியின் தேர்வு பெரும்பாலும் லாபத்துக்கும் நட்டத்துக்கும் இடையில் இருப்பதில்லை; பெரிய நட்டத்துக்கும் சிறிய நட்டத்துக்கும் இடையில் இருக்கிறது. இதை மறந்தவர்கள், 'பாதி அறைகூட நிரம்பவில்லை, திறந்து வைத்து என்ன பயன்?' என்று அவசரப்பட்டு மூடினார்கள்.

எடுத்துக்காட்டுக்காக, ஒரு விடுதி முழுமையாகத் திறந்திருக்கும்போது அதன் மாத நிலைச் செலவை, அதாவது எத்தனை பேர் வந்தாலும் மாறாத செலவை, 100 பங்கு என்று கொள்வோம். மூடினாலும் கடன் வட்டி, காப்பீடு, காவல், அடிப்படைப் பராமரிப்பு, குறைந்தபட்ச மின்சாரம் ஆகியவற்றுக்கு 45 பங்கு ஆகிறது. ஒவ்வொரு 10 விழுக்காடு அறைகள் நிரம்பும்போதும் 28 பங்கு வாடகை வருகிறது. சலவை, துப்புரவு, இணையதளத் தரகு முதலிய நேரடிச் செலவு 8 பங்கு போக 20 பங்கு மிஞ்சுகிறது. இந்த விடுதி நட்டமின்றி நடக்க 50 விழுக்காடு நிரம்ப வேண்டும். ஆனால் மூடியிருப்பதைவிடத் திறந்திருப்பது மேல் என்றாவதற்கு 27.5 விழுக்காடு போதும். இரண்டு தளங்களைப் பூட்டி, சில சேவைகளை நிறுத்தி, நிலைச் செலவை 75 பங்காகக் குறைத்தால், மூடுவதைவிட மேல் என்றாகும் எல்லை 15 விழுக்காட்டுக்கு இறங்கிவிடுகிறது. ஒவ்வொரு விடுதிக்கும் எண்கள் மாறும். ஆயினும் இந்த இரண்டு எல்லைகளுக்கும் இடையில் உள்ள அகலமான வெளியைத் தன் சொந்தக் கணக்கேட்டிலிருந்து காணாமல் எந்த உரிமையாளரும் முடிவெடுக்கக் கூடாது.

இதே கணக்கு விலைக் குறைப்பைப் பற்றியும் பேசுகிறது. வாடகையை ஐந்தில் ஒரு பங்கு குறைத்தால் 28 பங்கு 22.4 ஆகிறது, நேரடிச் செலவு குறைவதில்லை, மிஞ்சுவது 14.4. அதே இடத்தில் நிற்பதற்கே ஏறத்தாழ 40 விழுக்காடு கூடுதல் விருந்தினர் தேவை. பயணத்துக்குத் தடை இருக்கும்போது, அல்லது மக்கள் நோய்க்கு அஞ்சி வீட்டில் இருக்கும்போது, குறைந்த வாடகை அவர்களை வெளியே வரவழைப்பதில்லை. வரத்தான் போகிறவர்களை இந்த விடுதியிலிருந்து அந்த விடுதிக்கு மாற்றுகிறது, அவ்வளவே. கார்னெல் பல்கலைக்கழகத்தின் விடுதித் துறை ஆய்வாளர்கள் பெருந்தொற்றுக்குப் பல ஆண்டுகளுக்கு முன்பே இதைப் பெரும் தரவுகளைக் கொண்டு காட்டியிருந்தார்கள்: போட்டியாளர்களைவிட விலையைத் தாழ்த்திய விடுதிகளில் அறைகள் கூடுதலாக நிரம்பின, ஆனால் ஓர் அறைக்குக் கிடைத்த வருவாய் குறைந்தது. ஆகவே பட்டியல் விலையை வெட்டுவதை நான் ஐந்தாவது வழியாகக்கூட எண்ணவில்லை. விலையைத் தொடாமல் கூடுதல் இரவு, மாலை வரை அறை, எளிதான ரத்து போன்றவற்றைச் சேர்த்துத் தருவது அதைவிட நல்லது.

மூடுதல்

ஊரடங்கு ஆணை மூடச் சொல்லும்போது இது தேர்வே அல்ல. தேர்வு உரிமையாளர் கையில் இருக்கும்போது, மூடுவதற்கு ஆதரவான வலுவான காரணம் எளிமை. செலவு தெரியும், அபாயம் தெரியும், பணியாளர்கள் நோய்க்கு ஆளாகும் அச்சம் இல்லை. ஆண்டில் நான்கைந்து மாதம் மட்டுமே நடக்கும் பருவகால விடுதிகளுக்கு மூடுவதும் திறப்பதும் பழகிய வேலை என்பதால், ஒரு பருவத்தை விட்டுவிடுவது பல இடங்களில் அறிவுள்ள முடிவாகவே இருந்தது.

ஆனால் மூடிய கட்டடம் அப்படியே காத்திருக்கும் என்று எண்ணுவது தவறு. குழாய்களில் தேங்கும் நீரில், குறிப்பாக 25 முதல் 45 டிகிரி செல்சியஸ் வரையிலான வெப்பத்தில், லெஜியோனெல்லா என்னும் நுண்ணுயிர் பெருகும். அது கடுமையான நுரையீரல் அழற்சியை உண்டாக்கக்கூடியது. 2020-ல் கட்டடங்களை மீண்டும் திறப்போருக்கு அமெரிக்க நோய்க்கட்டுப்பாட்டு மையம் இதுபற்றித் தனியே எச்சரிக்கை செய்தது. மூடியிருக்கும் காலத்திலும் ஒவ்வோர் அறையின் குழாயையும் முறைவைத்துத் திறந்துவிட ஆள் வேண்டும், வெந்நீர்த் தொட்டியின் வெப்பத்தைக் கண்காணிக்க ஆள் வேண்டும், ஈரமும் பூஞ்சையும் பிடிக்காமல் அறைகளுக்குக் காற்று காட்ட ஆள் வேண்டும்.

மனிதர்களின் இழப்பு அதைவிடப் பெரிது. பல ஆண்டு அனுபவமுள்ள வரவேற்பாளரும் சமையற்காரரும் அறைப் பராமரிப்பு மேற்பார்வையாளரும் வேறு தொழிலுக்குப் போய்விட்டால், திறக்கும் நாளில் அவர்கள் திரும்பி வருவதில்லை. 2021, 2022 ஆண்டுகளில் பயணிகள் திரும்பியபோது, ஆள் பற்றாக்குறையால் அறைகளைப் பூட்டியே வைத்திருந்த விடுதிகள் பல நாடுகளில் இருந்தன. மூடல் எண்ணியதைவிட நீளக்கூடும் என்பதற்கு நியூயார்க்கின் ஃபோர் சீசன்ஸ் விடுதி ஓர் அறிகுறி: 2020 வசந்தத்தில் மருத்துவப் பணியாளர்களுக்கு இலவசமாக அறைகளைத் திறந்துவிட்ட அந்த விடுதி, பிறகு பொது விருந்தினருக்கு மீண்டும் திறந்தது 2024 நவம்பரில்தான்.

கட்டடத்தை மொத்தமாக ஒப்படைத்தல்

இந்த வழியைச் சற்று விரிவாகவே பார்க்க வேண்டும். ஏனெனில் வருவாயைப் பொறுத்தவரை இதுவே மிக உறுதியானது, பொறுப்பைப் பொறுத்தவரை இதுவே மிகக் கனமானது.

ஒப்படைத்தல் என்ற ஒரே சொல்லுக்குள் மூன்று வேறுபட்ட பணிகள் இருக்கின்றன. வீட்டாருக்கு நோய் தொற்றிவிடக் கூடாது என்று விலகித் தங்கும் மருத்துவர்களுக்கும் செவிலியர்களுக்கும் அறை தருவது ஒன்று. லண்டனின் கிளாரிட்ஜஸ் முதல் மும்பையின் தாஜ் விடுதிகள் வரை 2020-ல் இதைச் செய்தன. தெருவில் உறங்குவோருக்குப் பாதுகாப்பான அறை தருவது இன்னொன்று. இங்கிலாந்தில் 2020 மார்ச்சிலும் கலிபோர்னியாவில் ஏப்ரலிலும் அரசுகள் இதற்காக விடுதி அறைகளை எடுத்துக்கொண்டன. மூன்றாவது, வெளிநாட்டிலிருந்து வருகிறவர்களைத் தனிமைப்படுத்தி வைப்பது. ஆஸ்திரேலியா 2020 மார்ச் இறுதியில் 14 நாள் கட்டாயத் தனிமையை விடுதிகளில் தொடங்கியது. ஹாங்காங்கில் இந்த ஏற்பாடு ஒரு கட்டத்தில் 21 நாள் வரை நீண்டு, 2022 செப்டம்பர் 26-ல்தான் முடிவுக்கு வந்தது. முதல் இரண்டு பணிகளும் விடுதித் தொழிலுக்கு அருகில் உள்ளவை. மூன்றாவது, விடுதிக் கட்டடத்துக்குள் நடக்கும் மருத்துவப் பணி. இந்த வேறுபாட்டை உணராமல் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டதே பல துயரங்களுக்குத் தொடக்கம்.

மெல்போர்னில் நடந்தது இதற்குச் சான்று. 2020-ல் அங்கே இரண்டு தனிமைப்படுத்தல் விடுதிகளிலிருந்து நோய் ஊழியர்கள் வழியாக வெளியேறியது. மரபணுப் பகுப்பாய்வு விக்டோரியா மாநிலத்தின் இரண்டாம் அலையை அந்த விடுதிகளோடு இணைத்தது. அந்த அலையில் எழுநூறுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். பின்னர் நடந்த விசாரணை, தொற்றுக் கட்டுப்பாட்டில் பயிற்சியில்லாத தனியார் காவலர்களை அந்தப் பணியில் நிறுத்தியதையும், பொறுப்பு யாருடையது என்பதில் இருந்த குழப்பத்தையும் சுட்டிக்காட்டியது.

கட்டடத்தின் காற்றோட்டமும் இதில் தீர்மானமானது. 2003 பிப்ரவரியில் ஹாங்காங்கில் ஒரு விடுதியின் ஒன்பதாம் தளத்தில் ஓரிரவு தங்கிய நோயாளி ஒருவரிடமிருந்து அதே தளத்தில் இருந்தவர்களுக்கு சார்ஸ் நோய் பரவி, அவர்கள் வழியாக ஹனோய்க்கும் சிங்கப்பூருக்கும் டொராண்டோவுக்கும் சென்றது. பதினேழு ஆண்டுகள் கழித்து நியூசிலாந்தின் கிறைஸ்ட்சர்ச் நகரத் தனிமைப்படுத்தல் விடுதியில் கிட்டத்தட்ட அதுவே நடந்தது. கண்காணிப்புக் கேமராப் பதிவைப் பார்த்த ஆய்வாளர்கள், ஒருவர் பரிசோதனைக்காகத் திறந்த கதவை மூடியதற்கும் அடுத்த அறைக்காரர் தம் கதவைத் திறந்ததற்கும் இடையே 50 வினாடிகளே இருந்ததைக் கண்டார்கள். தாழ்வாரத்தில் தேங்கிய காற்றே தொற்றுக்கு வழியாகியிருக்க வேண்டும் என்பது அவர்கள் முடிவு. விடுதி அறைகள் பொதுவாக அடைத்த தாழ்வாரத்தை நோக்கித் திறப்பவை, அந்தத் தாழ்வாரத்துக்குப் புதுக்காற்று வருவது அரிது.

எனவே இந்த வழியை ஏற்கும் முன் பார்க்க வேண்டியவை வாடகைத் தொகையைவிட வேறானவை. ஜன்னல் திறக்குமா, அறைக்கு அறை காற்று கலக்கும் மையக் குளிரூட்டலா, தனித்தனிக் கருவிகளா, ஊழியர்க்கும் விருந்தினர்க்கும் தனித்தனி லிஃப்டும் வாயிலும் உண்டா, நோயுற்றவரைக் கவனிக்கும் மருத்துவப் பொறுப்பு எழுத்தில் யாருடையது, பணியில் நோய்வாய்ப்படும் ஊழியருக்குச் சம்பளமும் சிகிச்சையும் யார் தருவது, ஒப்பந்தம் முடிந்தபின் ஆழ்ந்த துப்புரவுக்கும் பழுது நீக்கலுக்கும் எத்தனை நாள், யார் செலவில், அரசு எத்தனை நாள் முன்னறிவிப்போடு விலகலாம். இவற்றில் காற்று, மருத்துவப் பொறுப்பு ஆகிய இரண்டுக்கும் தெளிவான நல்ல விடை இல்லையென்றால், எவ்வளவு வருவாய் வந்தாலும் தனிமைப்படுத்தல் பணியை ஏற்கக் கூடாது என்றே சொல்வேன். அந்த விடுதிக்கும் மருத்துவப் பணியாளர் தங்கலும் வீடற்றோர் தங்கலும் திறந்தே இருக்கின்றன. பெயர் கெட்டுவிடும், பிறகு விருந்தினர் வர மாட்டார்கள் என்ற அச்சம் பலரிடம் இருந்தது. தனிமைப்படுத்தல் விடுதிகளாக இருந்தவை பிறகு வழக்கமான விருந்தினரை வரவேற்பதைப் பார்க்கும்போது, அந்த அச்சத்துக்குத் தந்த எடை அதிகம் என்று தோன்றுகிறது.

நீண்ட தங்கலும் பகல்நேர அறையும்

டோக்கியோவின் இம்பீரியல் விடுதி 2021-ல் தன் அறைகளில் 99-ஐ மாத வாடகைக் குடியிருப்பாக மாற்றியது. நூறாண்டுக்கு மேற்பட்ட பெருமையுடைய ஒரு விடுதி அப்படிச் செய்யத் துணிந்தது, எஞ்சியிருக்கும் விருந்தினரைப் பார்த்து முடிவெடுத்ததற்கு நல்ல எடுத்துக்காட்டு. தங்குபவர் குறைவாக மாறினால் வரவேற்பறைப் பணியும் சலவையும் தரகும் குறைகின்றன. ஒருவர் முப்பது நாள் இருக்கும் அறைக்கும், முப்பது பேர் ஒவ்வொரு நாள் இருக்கும் அறைக்கும் தொற்று வாய்ப்பில் உள்ள வேறுபாட்டைச் சொல்ல வேண்டியதில்லை. ஓரிரவு வாடகை குறைந்தாலும் மிஞ்சும் தொகை அந்த விகிதத்தில் குறைவதில்லை. நிலைமை மாறினால், ஒப்பந்தங்கள் முடிய முடிய, அறைகளை ஒவ்வொன்றாகப் பழைய பயன்பாட்டுக்குத் திருப்பலாம். நான்கு வழிகளிலும் பின்வாங்குவதற்கு எளிதானது இது.

தடைகள் இரண்டு. முதலாவது சட்டம்: குறிப்பிட்ட நாள்களுக்கு மேல் தங்குபவர் பல இடங்களில் விருந்தினர் என்ற நிலையிலிருந்து குடியிருப்பாளர் என்ற நிலைக்கு வந்துவிடுகிறார், அவரை வெளியேற்றும் விதிகளும் வரியும் மாறுகின்றன. அந்த எல்லை எத்தனை நாள் என்பதைத் தெரிந்துகொண்டே ஒப்பந்தம் எழுத வேண்டும். இரண்டாவது, அறையின் தகுதி. மேசையும் முதுகு வலிக்காத நாற்காலியும் தடைபடாத இணையமும் சிறு அடுப்பும் துணி துவைக்க வழியும் இல்லாத அறையில் ஒரு வாரத்துக்கு மேல் யாரும் நிம்மதியாக வேலை செய்ய மாட்டார்கள். படுக்கையை மட்டும் மையமாக வைத்து அமைந்த சிறிய அறைகள் இதற்குப் பொருந்தா.

பகல்நேரத்தில் மட்டும் அறையை அலுவலகமாக வாடகைக்கு விடுவது இதன் சிறு கிளை. வீட்டில் இடமில்லாதவர்களுக்கு அது உண்மையான உதவியாக இருந்தது. ஆனால் துணை வருவாய்தான், அதை நம்பி விடுதியைத் திறந்து வைக்க முடியாது.

அருகிலிருந்து வருகிறவர்களை நம்புதல்

விமானப் பயணம் நின்றாலும், காரில் இரண்டு மூன்று மணி நேரத்தில் வந்து சேரக்கூடியவர்கள் இருக்கிறார்கள் என்றால் பகுதியளவில் திறந்திருப்பது பெரும்பாலான நடுத்தர விடுதிகளுக்கு ஏற்ற வழி. ஆனால் இது அரசின் ஒவ்வோர் அறிவிப்புக்கும் ஆடும் வழி. ஜப்பான் அரசு 2020 ஜூலை 22-ல் உள்நாட்டுப் பயணத்துக்கு மானியத் திட்டத்தைத் தொடங்கியது. தொற்று மிகுந்திருந்த டோக்கியோவை அக்டோபர் 1 வரை அதில் சேர்க்கவில்லை. டிசம்பர் 28-ல் திட்டத்தையே நாடு முழுவதும் நிறுத்தியது. ஏறத்தாழ ஐந்து மாதத்தில் விடுதிகள் நிரம்பவும் காலியாகவும் நேர்ந்தது. இந்த வழியைத் தேர்கிறவர், இரண்டு நாள் முன்னறிவிப்பில் தளங்களைத் திறக்கவும் மூடவும் கற்றுக்கொள்ள வேண்டும். மானியத்தால் வரும் கூட்டத்தை நிலையான தேவை என்று எண்ணி ஆளெடுக்கக் கூடாது.

இந்த வழியின் உயிர் ரத்து விதியில் இருக்கிறது. பணத்தைத் திருப்பித் தருவதா, பின்னொரு நாள் வர உரிமைச் சீட்டுத் தருவதா என்ற தேர்வு 2020 மார்ச்சில் ஒவ்வொரு விடுதியின் மேசை மீதும் இருந்தது. ஏர்பிஎன்பி அம்மாதம் 14-ம் தேதிக்குள் செய்த பதிவுகளுக்கு முழுப் பணத்தையும் திருப்பித் தரும் என்று அறிவித்தது. விருந்தினர் நிம்மதி அடைந்தனர். தங்களைக் கேட்காமலே தங்கள் வருவாயைத் தந்துவிட்டதாக வீட்டு உரிமையாளர்கள் கொதித்தனர். மாத இறுதியில் நிறுவனம் 25 கோடி டாலர் ஒதுக்கி, அவர்கள் இழந்த ரத்துத் தொகையில் நான்கில் ஒரு பங்கை ஈடுசெய்ய முன்வந்தது. மறுபக்கம், ஐரோப்பாவில் பயணத் தொகுப்பு ரத்தானால் 14 நாளுக்குள் பணம் தர வேண்டும் என்ற சட்டம் இருக்கும்போதே, கையில் பணமில்லாத நிறுவனங்கள் சீட்டைத் திணித்தன. ஐரோப்பிய ஆணையம் 2020 மே 13-ல் நடுவழி ஒன்றைப் பரிந்துரைத்தது: சீட்டு வாடிக்கையாளரின் விருப்பமாக இருக்க வேண்டும், குறைந்தது 12 மாதம் செல்ல வேண்டும், நிறுவனம் நொடித்தாலும் பணம் காக்கப்பட வேண்டும், பயன்படுத்தாவிட்டால் தொகை திரும்ப வேண்டும்.

விடுதிக்கு இந்த நடுவழியே சிறந்தது என்று கருதுகிறேன். விருந்தினர் கேட்டால் தயங்காமல் பணத்தைத் தந்துவிட வேண்டும். சீட்டை ஏற்பவருக்கு ஒரு கூடுதல் இரவோ உயர்ந்த அறையோ சேர்த்துத் தரலாம். சீட்டு என்பது விருந்தினர் விடுதிக்குத் தரும் வட்டியில்லாக் கடன். அந்தக் கடனைக் கேட்டு வாங்குவதற்கும் பறித்துக்கொள்வதற்கும் உள்ள வேறுபாட்டை அவர் பல ஆண்டுகள் நினைவில் வைத்திருப்பார். இதற்காக, முன்பணத்தை அன்றாடச் செலவில் கலக்காமல் தனிக் கணக்கில் வைக்கும் ஒழுக்கம் முன்கூட்டியே வேண்டும்.

செலவிட வேண்டியது துடைப்பதிலா, காற்றிலா

திறந்திருக்கும் எந்த விடுதிக்கும் இந்தக் கேள்வி பொதுவானது. 2020 ஏப்ரல், மே மாதங்களில் பெரிய விடுதி நிறுவனங்கள் ஒன்றன்பின் ஒன்றாகத் துப்புரவுத் திட்டங்களை அறிவித்தன. மேரியட் கிருமிநாசினியை மின்னேற்றித் தூவும் தெளிப்பான்களைக் காட்டியது, ஹில்டன் கிருமிநாசினி நிறுவனத்தோடும் மயோ மருத்துவ நிலையத்தோடும் கைகோத்தது, அக்கோர் தணிக்கை நிறுவனத்தின் சான்றைப் பெற்றது. அறைக் கதவில் ஒட்டிய முத்திரை விருந்தினருக்கு நம்பிக்கை தந்தது. ஆனால் நோய் முதன்மையாகப் பரவியது காற்று வழியே. மாசுபட்ட ஒரு பரப்பைத் தொடுவதால் தொற்று ஏற்படும் வாய்ப்பு பொதுவாகப் பத்தாயிரத்தில் ஒன்றுக்கும் குறைவு என்று அமெரிக்க நோய்க்கட்டுப்பாட்டு மையம் 2021 ஏப்ரலில் தெளிவுபடுத்தியது. குளிரூட்டல் பொறியாளர்களின் சங்கமான ஆஷ்ரே, காற்று வழிப் பரவலை 2020 ஏப்ரலிலேயே கருத்தில் கொள்ளச் சொல்லியிருந்தது.

ஆகவே கையில் உள்ள அடுத்த தொகையைத் தெளிப்பானுக்குத் தருவதா, வடிகட்டிக்குத் தருவதா என்றால், சுவாச நோயாக இருக்கும்வரை என் விடை வடிகட்டி. பூட்டியிருக்கும் ஜன்னல்களைத் திறக்கச் செய்வது, குளிரூட்டும் அமைப்பு தாங்குமானால் நுண்துகள்களைப் பிடிக்கும் எம்இஆர்வி 13 தரக் காற்று வடிகட்டி பொருத்துவது, உணவுக் கூடத்திலும் வரவேற்பறையிலும் ஒருவருக்கு வினாடிக்கு 10 லிட்டர் புதுக்காற்று என்னும் உலக சுகாதார அமைப்பின் அளவை எட்டுவது, கரியமில வாயு அளவு காட்டும் சிறு கருவியை விருந்தினர் கண்ணில் படும்படி வைப்பது ஆகியவை அதிகம் பேசப்படாத, பயன் மிகுந்த செலவுகள். அடுத்த நோய் வேறு வழியில் பரவுவதானால் இந்த விடையும் மாறும். பரவும் வழி தெளிவாகும்வரை இரண்டையும் மிதமாகச் செய்து, பெருந்தொகையைக் கையில் வைத்திருப்பதே நல்லது.

தினசரி அறைத் துப்புரவை நிறுத்தியதும் இங்கே சேர்த்துப் பார்க்க வேண்டியது. தொற்றுக் காலத்தில் அந்நியர் அறைக்குள் வருவதை விருந்தினர் பலர் விரும்பவில்லை, ஊழியருக்கும் அது பாதுகாப்பு. ஆனால் 2021 ஜூலையில் ஹில்டன், ஆடம்பர வகை தவிர்த்த பெரும்பாலான விடுதிகளில் கேட்டால் மட்டுமே அறைத் துப்புரவு என்பதையும், நீண்ட தங்கலுக்கு ஐந்தாம் நாளில் என்பதையும் வழக்கமாக்கியபோது, அமெரிக்க விடுதித் தொழிலாளர் சங்கம் எதிர்த்தது. அதன் நியாயம் எனக்கு வலுவாகவே படுகிறது: பல நாள் குப்பையும் அழுக்கும் சேர்ந்த அறையைச் சுத்தம் செய்வது கடினம், ஆனால் அதற்கான வேலை நேரமோ குறைக்கப்படுகிறது. பாதுகாப்புக்காக நிறுத்திய சேவையை, ஆபத்து நீங்கிய பிறகு செலவு மிச்சத்துக்காக நிறுத்தியே வைப்பது வேறொரு முடிவு. அதை விருந்தினரிடமும் ஊழியரிடமும் அந்தப் பெயரிலேயே சொல்ல வேண்டும்.

கைபேசியால் கதவைத் திறப்பது, வரவேற்பறையில் நிற்காமல் பதிவை முடிப்பது போன்றவற்றைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. ஹில்டனில் கைபேசிச் சாவி 2015-லிருந்தே உண்டு. பெருந்தொற்று அதைப் பரவலாக்கியது. வசதி இருந்தால் செய்யலாம். கடன் வாங்கிச் செய்யத் தேவையில்லை.

எந்த விடுதிக்கு எது

மாநாட்டையும் வெளிநாட்டவரையும் நம்பிய மாநகர விடுதிக்கு, அருகிலிருந்து ஓய்வுக்கு வருகிறவர்கள் கைகொடுக்க மாட்டார்கள். அறை பெரிதாக இருந்தால் நீண்ட தங்கல், காற்றோட்டம் நன்றாக இருந்தால் ஒப்படைத்தல், இரண்டும் இல்லையென்றால் குறுகிய கால மூடல். நெடுஞ்சாலை, மலை, கடற்கரை விடுதிகள் மூடுவது அரிதாகவே சரி. தளங்களைப் பூட்டிச் சுருங்கி நடத்தலாம். இருபது முப்பது அறைகள் மட்டுமே கொண்டு குடும்பமாக நடத்தப்படும் விடுதிக்கு ஒரு வசதி உண்டு: முழு இடத்தையும் ஒரே குடும்பத்துக்கோ நண்பர் குழுவுக்கோ விட்டுவிடலாம், வந்தவர்கள் அந்நியரோடு கலக்க வேண்டியிராது.

எதைத் தேர்ந்தாலும், அதை விட்டு விலகும் எல்லையை முதல் நாளே எழுதி வைப்பது நல்லது. மேலே சொன்ன எடுத்துக்காட்டு விடுதி சுருங்கி நடக்கிறது என்றால், தொடர்ந்து நான்கு வாரம் 15 விழுக்காட்டுக்குக் கீழே போனால் மூடுவது, நான்கு வாரம் 40-ஐத் தாண்டினால் பூட்டிய தளங்களில் ஒன்றைத் திறப்பது என்று எண்ணாகவே எழுதலாம். ஒப்பந்தக் காலத்தையும் அப்படியே பார்க்க வேண்டும். கோவிட் தொடர்பான உலகளாவிய அவசரநிலை 2020 ஜனவரி 30 முதல் 2023 மே 5 வரை, மூன்றேகால் ஆண்டு நீடித்தது. 'மூன்று மாதத்தில் சரியாகிவிடும்' என்ற எண்ணத்தோடு ஊழியர் சம்பளத்தையும் வங்கித் தவணையையும் ஒத்திவைத்தவர்கள் மீண்டும் மீண்டும் மறுபேச்சு நடத்த வேண்டியிருந்தது. வங்கியிடம் முதல் கடிதம் எழுதும்போதே பன்னிரண்டு மாதத்துக்கான கணக்கை இணைத்து, ஒவ்வொரு காலாண்டிலும் திருத்தலாம் என்று கேட்பதே மேல். பணியாளர்களிடமும் அதே கணக்கைக் காட்டி, யாருக்கு எத்தனை மாதம் எவ்வளவு தர முடியும் என்பதை அன்றே சொல்லிவிடலாம்.